குகைவாசி என்ன பசியாறினார்?

எங்கள் காலை நிகழ்ச்சியில் வாரத்துக்கு ஒரு நாளாவது "இன்னைக்கு என்ன பசியாறினீங்க?" என்று கேட்டுவிடுவேன். நேயர்களிடம் பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல கேள்வி கிடையாது. ரொட்டி சானாய், நாசி லெமாக், நேற்று வைத்த மீன் குழம்போடு இட்லி என்று பதில்கள் வந்துகொண்டே இருக்கும். சில மாதங்களாக வேறு மாதிரியும் வருகின்றன. "நாலு முட்டை, வெண்ணெய் போட்ட கோப்பி. அவ்ளோதாம்மா" என்றார் பூச்சோங்கில் இருந்து அழைத்த ஒரு லாரி ஓட்டுநர். கிள்ளான் அக்கா ஒருவர் நூறு பாதாம் சாப்பிட்டதாகச் சொன்னார். உண்மையிலேயே எண்ணினீர்களா என்று கேட்டேன். "எண்ணித்தான் ஊற வச்சேன்" என்றார்.

இதற்குப் பெயர் பேலியோ. நம் முன்னோர் லட்சக்கணக்கான ஆண்டுகள் வேட்டையாடியும் காட்டில் சேகரித்தும் வாழ்ந்தார்கள்; விவசாயம் வந்து சுமார் 10,000 ஆண்டுகள்தான் ஆகின்றன; உடம்பு இன்னும் பழைய சாப்பாட்டுக்கே பழகியிருக்கிறது; ஆகவே அரிசி, கோதுமை, பருப்பு, சீனியை விட்டுவிட்டு இறைச்சி, மீன், முட்டை, காய், கொட்டை சாப்பிடுங்கள் என்பது இதன் வாதம். வால்டர் வோக்ட்லின் என்ற அமெரிக்க மருத்துவர் 1975-இல் கற்கால உணவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1985-இல் பாய்ட் ஈட்டன், மெல்வின் கானர் இருவரும் ஒரு பெரிய மருத்துவ இதழில் எழுதிய கட்டுரைதான் மருத்துவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 2002-இல் லோரன் கோர்டைனின் புத்தகம் வந்தது. அது நேராகச் சமையலறைக்குள் புகுந்துவிட்டது.

நமக்கு வந்து சேர்ந்தது தமிழ்நாட்டு வழி. முகநூல் குழுக்கள், அங்கிருந்து சித்தப்பா, சித்தப்பாவிடமிருந்து குடும்ப வாட்ஸ்அப். வருகிற வழியில் சரக்கு கொஞ்சம் மாறியிருக்கிறது. கோர்டைன் பால் பொருள்களைச் சேர்ப்பதில்லை. தமிழ்ப் பேலியோவில் வெண்ணெய், நெய், பன்னீர் மூன்றும் மும்மூர்த்திகள். குகைவாசி காட்டு மாட்டைத் துரத்தியிருக்கலாம். அதைக் கட்டிப்போட்டுப் பால் கறந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

சிரித்துவிட்டுக் கடந்துபோகிற விஷயமாக இதை எடுத்துக்கொள்ள என்னால் முடியாது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31 விழுக்காடு. பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் கல்யாண மேசையில் மூன்று பேர். எங்கள் வீட்டில் அந்த எண்ணிக்கைக்கு முகம் உண்டு. அப்பா ஆறு ஆண்டுகள், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நாற்காலியில் இருந்தார். அவர் போன பிறகு அம்மாவுக்கும் இனிப்பு நீர் என்று தெரிந்தது. போன வருடம் அண்ணனின் இரத்தப் பரிசோதனையும் எல்லைக்கோட்டில் வந்து நின்றது. அண்ணனுக்கு வயது 39. அன்றிரவே அவர் சோற்றுப் பானையைத் தள்ளி வைத்தார். அது நாகரிகத்துக்காக எடுத்த முடிவு இல்லை, பயத்தில் எடுத்தது. இப்படி மாறுகிற பலரிடம் அந்தப் பயம்தான் இருக்கிறது. அதனால்தான் யாராவது பேலியோக்காரர்களைக் கேலி செய்தால் எனக்குச் சுருக்கென்று வரும்.

கற்கால மனிதர் உண்மையில் என்னதான் சாப்பிட்டார்? இதற்கு ஐரோப்பியக் குகை ஓவியங்களைத் தேடிப் போக வேண்டாம். நம் ஊரிலேயே ஒருவர் இருக்கிறார்.

பேராக்கில், கோலகங்சாரில் இருந்து கிரிக் போகும் வழியில் லெங்கோங் பள்ளத்தாக்கு. அங்கே குனுங் ருந்துக் குகையில் 1990-களின் தொடக்கத்தில் சுரைனா மஜித் தலைமையிலான குழு ஒரு முழு எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தது. வயது பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல். 'பேராக் மனிதன்' என்று பெயர் வைத்தார்கள். 2012-இல் லெங்கோங் பள்ளத்தாக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல். கால்களை மடக்கி, கருவிலிருக்கும் குழந்தை மாதிரிப் படுக்க வைத்துப் புதைத்திருந்தார்கள். கூடவே கல் கருவிகள், விலங்கு எலும்புகள், குவியல் குவியலாக ஆற்று நத்தை ஓடுகள்.

அந்த நத்தை ஓடுகளை நினைத்தால்தான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. கற்காலச் சாப்பாடு என்றதும் நம் மனதில் வருவது முழு மானைத் தீயில் வாட்டும் மீசைக்காரர். பேராக் மனிதரின் கூட்டம் மான் பன்றி அடித்ததும் உண்டு. ஆனால் ஆற்றங்கரையில் குனிந்து பொறுக்கிய நத்தைகளும் அந்தச் சாப்பாட்டில் இருந்தன. வெவ்வேறு வகை நத்தைதான் என்றாலும், நெகிரி செம்பிலான் பக்கம் சிப்புட் செடுட்டைத் தேங்காய்ப்பாலில் போட்டு, உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிடுகிறவர்கள் அவருக்கு அவ்வளவு தூரத்துச் சொந்தம் இல்லை.

சரவாக்கின் நியாக் குகைக்குப் போனால் கதை இன்னும் சுவையானது. 1958-இல் அங்கே கிடைத்த மண்டையோடு 35,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அதே குகையின் பழைய மண் அடுக்குகளை ஆராய்ந்தவர்களுக்குக் கிழங்கு மாவின் நுண்துகள்களும் கொட்டைகளின் மிச்சங்களும் கிடைத்தன. அவற்றில் இரண்டு, அப்படியே சாப்பிட்டால் ஆளைக் கொல்லக்கூடியவை. ஒன்று காடோங் கிழங்கு. சீவி, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் போட்டு வைத்தால்தான் அதன் விஷம் இறங்கும். இன்னொன்று கெப்பாயாங் மரத்தின் கொட்டை. அதில் சயனைடு இருக்கிறது. வேகவைத்துச் சாம்பலோடு புதைத்து வாரக்கணக்கில் விட்டால் சாப்பிடலாம். மலாய்க்காரர்கள் தலைகால் புரியாத காதலை 'மாபோக் கெப்பாயாங்' என்று சொல்வது இந்தக் கொட்டையின் மயக்கத்தை வைத்துத்தான். மலாக்காவின் பெரானாக்கான் வீடுகளில் ஆயாம் புவா கெலுவாக் சாப்பிட்டிருக்கிறீர்களா? அதில் இருக்கும் கறுப்புக் கொட்டை இதேதான்.

அப்படியென்றால் குகைவாசி மாவுச்சத்தைத் தொடாதவர் இல்லை. விஷக் கிழங்கைக்கூட விடாமல், விஷத்தை எடுக்க வழி கண்டுபிடித்துச் சாப்பிட்டவர். தென் ஆப்பிரிக்காவின் எல்லைக் குகையில் 1,70,000 ஆண்டுகளுக்கு முன்பு சுட்ட கிழங்கு கிடைத்திருக்கிறது. ஜோர்டான் பாலைவனத்தில் 14,400 ஆண்டுகளுக்கு முந்தைய அடுப்பில் கருகிய ரொட்டித் துண்டுகள் கிடைத்தன. அங்கே விவசாயம் வருவதற்கு 4,000 ஆண்டுகள் முன்பே காட்டுத் தானியத்தை இடித்து யாரோ ரொட்டி சுட்டிருக்கிறார்கள். நம் உடம்பும் அன்றோடு நின்றுவிடவில்லை. பெரியவர்களானபிறகும் பாலைச் செரிக்கும் திறன் சில இனத்தாருக்குக் கடந்த பத்தாயிரம் ஆண்டுகளுக்குள் வந்ததுதான். மாவுச்சத்து அதிகம் சாப்பிட்டு வந்த மக்களிடம், அதைச் செரிக்கும் உமிழ்நீர் நொதிக்கான மரபணுவின் பிரதிகள் அதிகம் என்று 2007-இல் வந்த ஆய்வு சொன்னது.

இதையெல்லாம் அண்ணனிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூச்சுவிடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி, குகையிலே நாசி கண்டார் இருந்துச்சா? தே தாரிக் இருந்துச்சா?" என்றார். நியாயமான கேள்வி. அவர் ஐந்து மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்திருந்தார். பரிசோதனை எண்களும் இறங்கியிருந்தன. வரலாறு தப்பாக இருந்தாலும் உடம்பு கேட்டிருக்கிறது.

அவர் பக்கத்தில் நிற்கும் பழைய ஆய்வு ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது. 1982-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் டெர்பி ஊருக்கு அருகில் வாழ்ந்த பூர்வகுடி மக்கள் பத்துப் பேர், கெரின் ஓடே என்ற ஆய்வாளரோடு தங்கள் பழைய காட்டு நிலத்துக்குத் திரும்பினார்கள். பத்துப் பேருக்கும் இனிப்பு நீர். நடுத்தர வயது. நகரத்து மாவு, சீனி, கொழுப்பு இறைச்சியில் உடம்பு பருத்திருந்தது. ஏழு வாரம், தாங்களே பிடித்ததையும் தோண்டியதையும் மட்டும் சாப்பிட்டார்கள். கங்காரு, மீன், ஆமை, பறவை, காட்டுக் கிழங்கு, அத்தி, தேன். முடிவில் சராசரியாக எட்டுக் கிலோ குறைந்தது. வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை அளவு 11.6-இல் இருந்து 6.6-க்கு வந்தது. வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு அந்த இரண்டு எண்களுக்கும் உள்ள தூரம் புரியும்.

ஆனால் அந்த ஆய்வை முழுக்கப் படித்தால் இன்னொன்றும் தெரியும். அவர்களுக்கு ஒரு நாளைக்குக் கிடைத்தது சுமார் 1,200 கலோரிதான். காட்டு விலங்கின் இறைச்சியில் கொழுப்பு மிகக் குறைவு. அதைத் தேடி நடக்கவும் வேண்டும். கிழங்கை யாரும் ஒதுக்கவில்லை, தேனையும் ஒதுக்கவில்லை. நூறு பாதாமில் மட்டுமே சுமார் 700 கலோரி இருக்கிறது. பேரங்காடியில் பாக்கெட்டாக வாங்கி, தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து கொறித்தால் அதைச் சேகரிப்பு என்று சொல்ல முடியுமா?

இங்கேதான் உடற்பயிற்சி வருகிறது. கற்கால உடற்பயிற்சி என்று இப்போது வகுப்புகளே நடக்கின்றன. வெறுங்காலில் ஓடுவது, கல்லைச் சுமப்பது, கிளையில் தொங்குவது, கரடி மாதிரித் தவழ்வது. தவழ்வதற்கு மாதக் கட்டணம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தான்சானியாவில் இன்னும் வேட்டையாடிச் சேகரித்து வாழும் ஹட்சா மக்களைப் பல ஆண்டுகளாக ஆய்வாளர்கள் அளந்து வருகிறார்கள். ஆண்கள் நாளுக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார்கள், பெண்கள் கிட்டத்தட்ட அதில் பாதி. 2012-இல் ஹெர்மன் பொன்ட்ஸர் குழு அளந்தபோது எல்லாருக்கும் ஆச்சரியம். உடல் அளவைக் கணக்கில் எடுத்தபின், அவர்கள் ஒரு நாளில் செலவழிக்கும் கலோரியும் அலுவலக நாற்காலியில் இருப்பவர் செலவழிப்பதும் ஏறத்தாழ ஒன்றுதான். ஓடினால் மட்டுமே எடை குறைந்துவிடும் என்று நம்பியிருந்தவர்களுக்கு அது கசப்பான செய்தி. நடந்தால் எடை குறையாவிட்டாலும் சர்க்கரையும் இதயமும் நன்றி சொல்லும், அது வேறு கணக்கு.

2020-இல் வந்த இன்னொரு முடிவு எனக்கு நேராகப் பட்டது. ஹட்சா மக்களும் ஒரு நாளில் பத்து மணி நேரம் போல ஓய்வாகத்தான் இருக்கிறார்கள். நம்மைப் போலத்தான். வித்தியாசம், அவர்களிடம் நாற்காலி இல்லை. குந்தி உட்காருகிறார்கள், மண்டியிடுகிறார்கள், தரையில் அமர்கிறார்கள். குந்தும்போது கால் தசைகள் முழுதாகத் தூங்கிவிடுவதில்லை.

அதைப் படித்த அன்று எனக்குப் பாட்டிதான் நினைவுக்கு வந்தார். தாப்பா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரை நிரையாகச் சில நூறு மரம் சீவி, மறுபடி அதே மரங்களைச் சுற்றிப் பால் எடுத்து, காண்டாவில் இரண்டு வாளி தொங்க ஸ்டோருக்கு நடப்பார். வீட்டுக்கு வந்தால் குந்தி உட்கார்ந்து அருவாமனையில் மீன் ஆய்வார், குந்தியபடியே அம்மியில் அரைப்பார். சாப்பிட்டது சோறுதான், தட்டு நிறைய. எழுபது வயதிலும் கையை ஊன்றாமல் தரையில் இருந்து எழுந்தவர் அவர். நான் ஸ்டுடியோ நாற்காலியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, காரில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்து, சோபாவில் உட்காருகிறவள். பாட்டியின் வாழ்க்கையைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்குப் பிறந்த ஏழு பிள்ளைகளில் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. சோகையும் முதுகு வலியும் கடைசிவரை அவரோடு இருந்தன. ஆனால் அவருடைய சோற்றை மட்டும் எடுத்துக்கொண்டு நடையை விட்டுவிட்ட பேரப்பிள்ளைகள் நாங்கள். அந்தக் கணக்கு எங்கேயோ இடிக்கத்தானே செய்யும்?

இனி, இந்தப் பத்தியை நான் எழுத உட்கார்ந்த காரணம்.

அண்ணன் குறைவதைப் பார்த்து அம்மாவுக்கும் ஆசை வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை முதல் சோறு, தோசை, சப்பாத்தி எல்லாவற்றையும் நிறுத்தினார். காலை முட்டை, மதியம் மீனும் கீரையும், இரவு சூப். மாத்திரைகள் மட்டும் வழக்கம்போல. மெட்ஃபார்மினோடு கிளிக்லசைடும் அம்மாவுக்கு உண்டு. இந்த இரண்டாவது மாத்திரை கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது. தட்டில் சோறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். நான்காம் நாள் மாலை, துணி மடித்துக்கொண்டிருந்தவருக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து சர்க்கரையைப் பார்த்தபோது 3.1. நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து. அவர் தாதியாக வேலை பார்த்தவர். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் மறுபடி பார்த்தார், அளவு ஏறியிருந்தது. பிறகு கொஞ்சம் பிஸ்கட். நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா, "ஒண்ணும் இல்லம்மா, லேசா மயக்கம்" என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

மறுநாள் கிளினிக்கில் மருத்துவர் கோபப்படவில்லை. சோற்றைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் நீங்கள் குறைக்கும்போது நான் மாத்திரையையும் குறைக்க வேண்டும், இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டும் என்றார். சிறுநீரகப் பரிசோதனைக்கும் எழுதிக்கொடுத்தார். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் இறைச்சியை மலைபோலக் குவிப்பது வேறு தொல்லை. அப்பாவைப் பார்த்த குடும்பத்துக்கு அதை இரண்டு முறை சொல்ல வேண்டியதில்லை.

வாட்ஸ்அப்பில் வருகிற உணவுப் பட்டியல்கள் பலவற்றில் இந்த ஒரு வரி இருப்பதில்லை. கிளிக்லசைட் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள், சோற்றை நிறுத்துவதற்கு முன்பு மருத்துவரைப் பாருங்கள். நிறுத்திய பிறகு இல்லை, முன்பு. நேயர்கள் சிலர் மாத்திரையை நிறுத்திவிட்டதைப் பெருமையாகச் சொல்ல அழைக்கிறார்கள். அந்த அழைப்புகளை நான் காற்றலையில் விடுவதில்லை. எத்தனை பேர் கோபித்துக்கொண்டாலும் அதில் மாற்றமில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு, மருத்துவர் யாரும் எழுதித்தராதது. அண்ணன் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தார். உறவினர் வீட்டு விசேஷத்துக்கு டப்பாவில் வறுத்த கோழியோடு வந்தார். அத்தை முகம் வாடிவிட்டது. தீபகற்பக் காடுகளில் வாழும் பாத்தேக் பூர்வகுடி மக்களோடு 1970-களில் தங்கி ஆராய்ந்த கிர்க், கேரன் எண்டிகாட் தம்பதியர் எழுதியதை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். ஊதுகுழலால் குரங்கு அடித்தாலும் சரி, பெண்கள் காட்டுக் கிழங்கு தோண்டி வந்தாலும் சரி, முகாமில் எல்லாருக்கும் பங்கு. கொடுப்பது தயவு இல்லை, கொடுத்தே ஆக வேண்டும். பேராக் மனிதரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய இடது கை பிறவியிலேயே குறையுள்ளது. அப்படி இருந்தும் நாற்பது வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார். தனியாக அவர் எவ்வளவு வேட்டையாடியிருக்க முடியும்? யாரோ அவருக்குப் பங்கு வைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த விசேஷத்துக்கு டப்பா இல்லாமல் வந்தார். வாழை இலையில் கோழியும் கூட்டும் நிறைய, சோறு ஓர் ஓரத்தில் ஒரு கைப்பிடி. அத்தை இரண்டாவது முறை சோறு போட வந்தபோது மட்டும் இலையைக் கையால் மூடிக்கொண்டார்.

இப்போது எங்கள் வீட்டில் ஏதோ ஒரு கலவை ஓடுகிறது. அம்மாவுக்கு மதியம் மட்டும் அளந்த சோறு, பக்கத்தில் கெம்போங் மீன், வல்லாரையும் உலாம் ராஜாவும் தொட்டுக்கொள்ளத் துவையல். பருப்பை நாங்கள் விடவில்லை. அதைப் பேலியோ ஏன் விரட்டுகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தே தாரிக் போய்க் கோப்பி ஓ கொசோங் வந்திருக்கிறது, அம்மா அதை மருந்து மாதிரி முகம் சுளித்துக் குடிக்கிறார். சாப்பிட்டதும் இரண்டு பேரும் தாமானைச் சுற்றிக் கால் மணி நேரம் நடக்கிறோம். காய் நறுக்குவது தரையில் உட்கார்ந்து. எனக்கு முட்டி முதல் வாரம் கத்தியது, இப்போது முனகுவதோடு சரி.

வரும் பள்ளி விடுமுறையில் அண்ணன் பிள்ளைகளோடு லெங்கோங் போவதாக இருக்கிறோம். பேராக் மனிதரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டேன். அவர்களுக்கு எலும்புக்கூடு முக்கியம். அம்மாவுக்கு அங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்பது முக்கியம். லெங்கோங்கில் பெயர்பெற்றது பெக்காசாம், ஆற்று மீனை உப்பும் வறுத்த அரிசியும் போட்டுப் புளிக்க வைத்துப் பொரிப்பது என்று சொன்னேன். அரிசியை வழித்துவிட்டு மீனை மட்டும் சாப்பிட முடியுமா என்று அண்ணன் இப்போதே விசாரித்துக்கொண்டிருக்கிறார்.